கூடு உள்ளேயே இருக்கும்

முதல் வாரம் அது நடந்தது.
நீளக் கம்பியை நான் தள்ளத் தள்ள
டயர் கழற்றும் இயந்திரமும் கூடவே வந்தது
போர்ச்சின் மூலையிலிருந்து கேட் வரைக்கும்.
தவசீலன் அடிப்பலகையில் ஏறி நின்றான்.
எண்பத்திரண்டு கிலோ.
அவனையும் சேர்த்து இழுத்துப்போனது
ஒரு பழைய வீராவின் டயர்.

"தரையில முடுக்கணும்" என்றான் இறங்கி.
"தரை நம்மளது இல்லையே."

வாடகை ஒப்பந்தத்தில் ஒன்பதாவது வரி:
வந்தபோது இருந்தபடியே விட்டுப்போக வேண்டும்.
மிஸ்டர் ஓங் அதற்குக் கீழே மட்டும்
சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.
பட்டர்வொர்த்துக்குள்ளேயே
பதினொரு வருடத்தில் ஆறு வீடு.
ஒவ்வொன்றிலும் கடைசி ராத்திரி
ஆணித் துளைகளில் பற்பசை அடைத்து
விரலால் வழித்து
டார்ச் அடித்துச் சரிபார்த்தவர்கள் நாங்கள்.

பாகான் லுவார் சாலை இரும்புக் கடையில்
சியூ லிங் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.
ஆங்கர்.
அந்தப் பக்கம் கடலில் கப்பல்கள் போடுவதும் அதே பேர்தான்.
இது சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
"கழட்டலாம், திரும்ப மாட்டலாம்,
தரை மொழுமொழுன்னு இருக்கும்" என்றாள்.
கழன்று வருவது போல்ட் மட்டும்,
கூடு உள்ளேயே இருக்கும் என்பதை
நான் கேட்ட பிறகு சொன்னாள்
மீதிச் சில்லறையோடு சேர்த்து.

ஞாயிறு, பத்து மணி.
முதல் துளை
வெந்த மரவள்ளியில் இறங்குவதுபோல் இறங்கியது.
இரண்டாவதில் ட்ரில்லின் குரல் மாறியது.
உள்ளே கம்பி.
நாங்கள் வருமுன்
மிஸ்டர் ஓங் வாங்குமுன்
யாரோ கட்டிப்போட்டுப் போன இரும்பு
நகரவா போகிறது?
முதல் போல்ட்டை அச்சாக்கி
பலகையை நாங்கள் திருப்பினோம்.

மதிலுக்கு மேலே கக் ரொஹாயாவின் தலை,
தோளில் அழுகிற குழந்தை.
இன்னும் எத்தனை ஓட்டை என்று மலாயில் கேட்டார்.
"ஒன்றுதான், கக்" என்றேன்.
மூன்று இருந்தது.

தூசு மிச்சமிருந்தால் பிடிக்காதாம்.
பையனின் சைக்கிள் பம்பால் ஊதினேன்.
தரை கிளம்பி என் முகத்துக்கே வந்தது,
மதியச் சோற்றிலும் நறநறத்தது.
கூட்டை இறக்கி, குத்தூசி வைத்து, நாலு அடி.
நாலாவதில் சுத்தியலின் சத்தம் தடித்தது.
உள்ளே அது விரிந்துவிட்டது.

திங்கட்கிழமை, இரவு வேலை முடிந்து வந்த நர்ஸ்,
அவளுடைய மைவியின் பின் சக்கரம்.
கம்பியைத் தள்ளினேன்.
நடந்துபோகிற ஒன்றின் பின்னால் போய்ப் பழகிய கால்
ஓரடி முன்னே வைத்தது.
இயந்திரம் அங்கேயே நின்றது.
முழங்கால் போய் இரும்பில் மோதி
நான் "அம்மாடி" என்றதும்
டயர் விளிம்பு டப்பென்று விட்டதும் ஒன்றாக.
நர்ஸ் எதற்கு ஓடிவந்தாள் என்று தெரியவில்லை.

திருப்பி வைத்ததால்
இப்போது அது தெருவைப் பார்த்து நிற்கிறது,
நானும்தான்.
கறிக்கார வேன், பள்ளிக்கூடப் பஸ்,
என் முதுகை மட்டுமே தெரிந்திருந்த ஆட்கள்
கையசைத்துப் போகிறார்கள்.

ஏழு மணிக்குத் தவசீலனின் வேன் வரும்.
அதற்குள் நாலு போல்ட்டும் மைலோ டின்னுக்குள்.
மழைத்தண்ணீர் இறங்காமல்
கிரீஸ் தடவிய குட்டைத் திருகுகள் துளைகளில்.
வேனுக்கு அடியில் அவை தூங்குவதைப்
போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை.

கம்பியில் முட்டிய அந்த ஒன்றுக்குத்தான்
மாட்டவும் எதுவுமில்லை
கழற்றவும் எதுவுமில்லை.
துளைத்த தூளையே பற்பசையில் குழைத்து அடைத்தேன்.
சிமெண்டு நிறம் ஏறக்குறைய வந்தது.

மாதக் கடைசியில் மிஸ்டர் ஓங்
சரியாக அதன்மேல் செருப்பு வைத்து நின்று
பணத்தை எண்ணினார்.
இரண்டு முறை.
பிறகு மூக்கை உறிஞ்சி,
"யாராவது இப்போதான் பல் தேய்ச்சீங்களா?" என்றார்.