பன்னிரண்டாவது ஊசி

மைனஸ் முப்பத்தொன்று என்றது வானொலி.
எஞ்சின் உறையாதிருக்க மின்கம்பி மாட்டிவிட்டு
பழைய துணிக்கடையின் பின்னறைக்கு
ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம்.
நான் கணப்பைப் பழுதுபார்க்க வந்தவன்.
மூன்று குளிர்காலமாகியும்
திரும்பிப் போகவில்லை.

சதுரம் வெட்டுவது யுஸ்டினா.
ஏழு அங்குல அட்டை, ஒரு சாக்பீஸ்.
யார் கொடுத்த துணி என்று கேட்பதில்லை:
மீந்துபோன திரைச்சீலை,
வங்கிக்காரன் ஒருவனின் நீலச் சட்டை,
தோற்ற ஹாக்கிக் குழுவின் கொடி,
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத பைஜாமா.
அழகு பார்க்கக் கூடாது என்பது எங்கள் சட்டம்.
ஆனாலும் மஞ்சளை ஒட்டி மஞ்சள் வந்தால்
அவள் கை தானாக அதை நகர்த்தும்.

எல்ஃப்ரீடா மெஷினில் ஓட்டுவாள்.
நடுவே பஞ்சு, அடியில் ஃபிளானல்.
என் வேலை முடிச்சு.
நாற்பது வருஷம் வைக்கோல் கட்டிய விரல்கள்.
நாலு அங்குலத்துக்கு ஒன்று:
சிவப்பு நூல் இறங்கும், ஏறும்,
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு,
நறுக்.
தையல் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.
துவைத்தால் பிரியாது.
அது போதும்.

வெள்ளி மாலை, பதினெட்டுப் போர்வைகள்.
பெட்டிகளுக்கு டேப் ஒட்டியாயிற்று.
காலை ஏழு மணிக்கு லாரி.
அகனேத்தா ஊசிகளை எண்ணினாள்.
பதினொன்று.
உதடு அசைய மறுபடி எண்ணினாள்.
பதினொன்று.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காததுதான் உறைத்தது.

வைக்கோற்போரில் ஊசி தேடுவது இதற்குத் தேவலை,
வைக்கோலில் யாரும்
குழந்தையைப் படுக்கவைக்கப் போவதில்லை என்றேன்.
'ஒரே ஒரு தடவை தவிர' என்றாள் அகனேத்தா,
டேப்பைக் கிழித்தபடி.

எந்த நாடு, எந்த முகாம்,
பையனா பெண்ணா, ஒன்றும் தெரியாது.
இதுவரை அந்தக் குழந்தைக்கு
எங்களிடம் முகமே இருந்ததில்லை.
இன்றிரவு
அதற்கு ஒரு விலா முளைத்தது.

வண்டியிலிருந்து காந்தம் கொண்டுவந்தேன்.
குளிரில் தோலோடு ஒட்டிக்கொண்டது.
பதினெட்டின் மேலும் நடத்தினேன்.
எதுவும் அதனிடம் வரவில்லை.
காந்தத்தை நம்பலாம் என்றேன்.
யாரும் நம்பவில்லை.

பிறகு கைதான்.
கையுறை கழற்றிய எட்டு உள்ளங்கைகள்
மூலையிலிருந்து மூலைக்கு,
தையலைத் தாண்டி, மெல்ல அழுத்தி.
அகனேத்தா குனிந்து கன்னத்தை வைத்தாள்.
கை பழகிப்போனது, பொய் சொல்லும்,
கன்னம் சொல்லாது என்றாள்.
நான் எதையும் இவ்வளவு முழுசாகத் தொட்டதில்லை,
விற்கப்போகிற பசுவைக்கூட.

அகப்பட்டவை:
எல்ஃப்ரீடாவின் ஒரு நரைமுடி,
பிஸ்கட் தூள்,
நான் போட மறந்த மூன்று முடிச்சு.
போட இன்னோர் ஊசி எடுத்தேன்.
அகனேத்தா என் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

ஊசி இல்லை.
பதினொன்றே முக்காலுக்கு
மறுபடி டேப், மறுபடி பெட்டி.
யாரும் நல்லிரவு சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் கோட்டைக் கழற்றினேன்,
அதனடியில் இன்னொன்றை,
பிறகு ஸ்வெட்டரை.
சட்டையின் இடது மடிப்பில்
சாதுவாகக் குத்திக்கொண்டு
நாலு விரல் சிவப்பு நூலோடு
அங்கே இருந்தது.
அதற்கும் காது உண்டே;
அத்தனை பேர் தவித்ததையும்
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதல் மணியிலேயே எடுத்தாள்.
'கிடைத்துவிட்டது' என்றேன்.
அவள் விட்ட மூச்சு
பன்னிரண்டு மைல் கம்பி வழியே
என் காதைச் சுட்டது.
'எங்கே?'
'தரையில்.'
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
வெளியே பனி வாரும் வண்டி போயிற்று.

'எந்தச் சட்டையின் தரையில்?'
என்றாள் அகனேத்தா.