நாற்பத்தொரு படங்கள்

ரொடோபி மலையில், மதானுக்கு முந்தைய மூன்றாம் வளைவு.
சாலைக்காக வெடிவைத்துப் பிளந்த பாறை
இன்னும் ஈரமாய்.
"தங்கமா?" வண்டியை நிறுத்திக் கேட்டார் போலீஸ்காரர்.
"கால்சைட்" என்றாள் ரதோஸ்தினா.
பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

கலீனா மட்டும் சுரங்கத்திலிருந்து வந்தது,
ஸ்தாமெனின் சாப்பாட்டு டப்பாவில்
ரொட்டிக்கு அடியில், பழைய காலுறைக்குள்.
விலை இரண்டு பெட்டி சிகரெட்.
எங்கே எடுத்தது என்று எங்கும் எழுதக் கூடாது.

சமையல் மேசைமேல் கறுப்பு வெல்வெட்.
ஃபிரிட்ஜை அணைத்துவிட்டாள்,
அதன் உறுமல்கூடப் படத்தை அசைக்கும்.
மயிரிழை நகர்த்தி ஒன்று,
இன்னும் மயிரிழை, இன்னொன்று.
நாற்பத்தொன்றும் ஒன்றாய்ப் படிந்தால்தான்
நகத்தளவு படிகம் முழுசாய்த் தெளியும்.

தெளிந்தது.
ஈயத்தின் கண்ணாடி முகத்தில்
ஜன்னல் இல்லை, விளக்கு இல்லை,
அவளும் இல்லை.
எல்லாவற்றுக்கும் துணி கட்டியிருந்தாள்.
கீழ் விளிம்பில் மட்டும்
வரிவரியாய் ஒரு கட்டைவிரல்,
மசகெண்ணெயோடு, சற்றே வழுக்கி,
யாரோ வருகிற சத்தம் கேட்டதுபோல.

அசிட்டோன் புட்டியைத் திறந்தாள்.
மூடினாள்.
சீட்டில் "கிடைத்த இடம்" என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டாள்.

விடிந்தபோது
ஃபிரிட்ஜில் பால் திரிந்திருந்தது.