நாலு கட்டம்

தெற்கு பஜாரில், குடைக்கடைக்குப் பக்கத்து மாடிப்படி.
மை நாற்றம் வழிகாட்டும்.
திருப்பூரிலிருந்து மூட்டையாய் இறங்கும்
வெற்றுப் பனியனுக்கெல்லாம்
எழுத்துப் போடுவது நான்தான்.

பதினோரு வருஷம் இங்கிலீஷ்.
எனக்குத் தெரிந்தது ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ்.
ஒருமுறை சட்டத்தில் முதல் எழுத்து அடைத்துக்கொண்டு
'நெவர் கிவ் அப்'
'எவர் கிவ் அப்' ஆகிவிட்டது.
முந்நூறு உருப்படி.
ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
மேலப்பாளையம் சந்தையில்
ஆட்டுக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு
விலையில் பத்து ரூபாய் இறங்க மறுக்கிறவர் நெஞ்சில்
இன்னமும் நிற்கிறது அது.

முதுகில் 'பாஸ்' என்று போட்டுக்கொண்டுதான்
கொம்பையா என்னிடம் கைமாத்து கேட்பான்.

பிறகு பையன்கள் ஏறி வந்தார்கள்.
'அண்ணாச்சி, கொரியன் இருக்கா?'
'என்னன்னுல போட?'
'என்னத்தையாவது போடுங்க.'

இங்கிலீஷில் ஒரு தொல்லை உண்டு.
பஸ்ஸில் எதிர்சீட்டுக்காரர்
கண்ணாடியை ஏற்றிவிட்டு
நம் நெஞ்சை வாசித்து முடித்துவிட்டுத்தான்
முகத்தைப் பார்ப்பார்.
கொரியனில் அது இல்லை.
செல்போனில் பார்த்து அப்படியே இழுத்தேன்,
வட்டம், கோடு, கட்டம்.
ஒரு தீபாவளி முழுக்கத் தலைகீழாய்ப் போட்டிருக்கிறேன்.
பாளையங்கோட்டை அதையும் உடுத்திக்கொண்டு
பட்டாசு வெடித்தது.

தலைகீழ் என்று சொன்னவள் அவள்தான்.
காலேஜ் அடையாள அட்டையைப்
பைக்குள் திருப்பிப் போட்டிருந்தாள்.
நோட்டில் கிழித்த தாளில்
நாலே நாலு கட்டம்.
'இதை மட்டும் போட்டுத் தாங்க. ஒரே பீஸ்.'

முதலாவது, ஜன்னலுக்குக் கீழே ஓர் ஆணி.
இரண்டாவது, ரெண்டு தூண் மண்டபம், அதே ஆணி.
மூன்றாவதும் நான்காவதும்
நம்ம 'ப' மல்லாந்து படுத்த மாதிரி,
பக்கத்தில் ஒரு குச்சி.
ஒரு குச்சிக்கு முள் உண்டு,
மற்றதற்கு இல்லை.

'என்னம்மா எழுதியிருக்கு?'
'எம் பேரு.'
'பேரு என்ன?'
படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.
யாருமில்லை.
'முப்புடாதி.'

கொடைக்கு எங்கள் தெருவில்
மைக் வைத்துக் கூப்பிடும் பேர்.
வில்லுப்பாட்டுக்காரி தொண்டை கிழியப் பாடுகிற பேர்.
'காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கையில
பின்பெஞ்சு சிரிக்கும்' என்றாள்,
சிரித்துக்கொண்டே.

நூற்றியெண்பது ரூபாய் வாங்கினேன்.
வேறு யாருக்கும் போடக்கூடாது என்றாள்.
சரி என்றேன்.

சட்டத்தை அன்றே கழுவியிருக்க வேண்டும்.
மழை, கரண்ட் இல்லை, அப்புறம் மறதி.
அடுத்த வாரம் வந்த பயலுக்கு
அந்த நாலு கட்டம்தான் பிடித்தது.
'இது செமயா இருக்கு அண்ணாச்சி.'
கைக்கு வேலை மிச்சம்.
கறுப்பில் இருபது, மெரூனில் பன்னிரண்டு.
அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்துப் படியில் செருப்புச் சத்தம்.
அவளேதான்.
மைத்துணியால் கையைத் துடைத்தேன்,
துடைத்த கையைத் திரும்பத் துடைத்தேன்.

'அண்ணாச்சி,
சமாதானபுரம் ஸ்டாப்புல இன்னைக்கு
மூணு முப்புடாதி நின்னாங்க.
ஒருத்தனுக்குத் தாடி.'

நான் ஒன்றும் பேசவில்லை.

'அதுல ஒருத்தன் எங்க பின்பெஞ்சு' என்றாள்.

மின்விசிறி சுற்றியது.
கொடியில் காயப்போட்ட பனியன்கள்
ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன,
'கிங்', 'கிங்', அவள், 'கிங்', அவள்.

நிலைப்படிக்குப் போனவள் திரும்பினாள்.
'தமிழ்ல போட எம்புட்டு ஆவும்?'
'அதே நூத்தியெண்பதுதான்.
உனக்கு வேண்டாம், சும்மாவே போட்டுத் தாரேன்.'
'சும்மால்லாம் வேண்டாம்' என்றாள்.
கொஞ்சம் நின்றாள்.
'யோசிச்சுச் சொல்லுதேன்.'

சட்டம் அங்கேதான் சாய்ந்து நிற்கிறது.
இன்னும் கழுவவில்லை.