அரை உயரத் தகடு

சிம் லிம் சதுக்கத்தின் நான்காம் மாடியில்
குவெக் கேட்ட முதல் கேள்வி
விலையைப் பற்றியதல்ல.
"உங்கள் கணினிப் பெட்டி ஒல்லியா, குண்டா?"

அளந்து வரவில்லை.
தேக்கா சந்தையில் வஞ்சிரத்தின் நீளம் சொல்பவனைப் போல
கையை விரித்துக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஒல்லிதான். அரை உயரத் தகடு வைத்த கார்டு வேண்டும்.
முழுசு வாங்கினால் மூடி மூடாது."

கண்ணாடி மேசைக்குப் பெட்டிகள் இறங்கின.
முதலாவது, முந்திய தலைமுறைக்காரன்.
வேறு ஊர்களில் பேசுவான், இங்கே ஊமை.
பெட்டியின் மூலையில் 'டி'க்குப் பக்கத்தில்
ஒரு சின்ன 'இரண்டு' இருக்க வேண்டுமாம்.
அந்த இரண்டைப் பார்க்காமல் வாங்கிப்போய்
மறுநாள் திரும்பி வந்தவர்களைப் பற்றி
சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல்
வருத்தமாகச் சொன்னார் குவெக்.

அடுத்தது யுஎஸ்பி குச்சி.
மலிவு, கட்டைவிரல் நீளம்.
அரை மணி ஓடினால் அதன்மேல் அப்பளம் சுடலாம்.

கடைசியில் நின்றவை இரண்டு.
ஒரு ட்யூனர் உள்ளது, இரு ட்யூனர் உள்ளது.
நாற்பது வெள்ளி வித்தியாசம்.
"வீட்டில் எத்தனை பேர்?"
"இரண்டு."
"ஒரே நேரத்தில் பார்ப்பீர்களா?"

அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை.

புனிதவதிக்கு இரவு வேலை,
சாங்கியில், விமான உணவுக்கூடத்தில்.
நாளைக்குப் பறப்பவர்களின் தட்டுகளை
இன்றைக்கே அடுக்கி மூடுகிறாள்.
அவள் பேருந்து ஏறும்போது
எதிர்ப்பக்கத்தில் நான் இறங்குவேன்.
சில நாள் கையசைப்போம்.
சில நாள் நடுவில் லாரி வந்துவிடும்.
இரவுச் செய்தியை அவள் கடைசியாகப் பார்த்தது
கணுக்காலில் கட்டுப் போட்டிருந்த இரண்டு வாரம்.
கைப்பேசியில் பாரேன் என்றால்,
"அவ்வளவு சின்னதாத் தெரிஞ்சா
எல்லாரும் பொய் சொல்ற மாதிரியே இருக்கு" என்பாள்.

"இரண்டே கொடுங்கள்," என்றேன்.

ஈசூன், பதினோராம் மாடி.
திருகு ஒன்று கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது.
ஆண்டெனாவைப் புத்தக அலமாரியில் வைத்தேன், பூஜ்ஜியம்.
குளிர்பதனப் பெட்டியின் தலையில், பூஜ்ஜியம்.
சமையலறைச் சன்னலோரம் வைத்ததும்
பெருமூச்சுபோல் எழுந்தது பச்சைக் கோடு.
வசந்தம் வந்தது.
வந்தவுடன் செய்தி வாசிப்பவரின் தாடை
சதுரம் சதுரமாய் உதிர்ந்தது.

வெளியே மூங்கில் கழியில் ஈரத் துணிகள்.
என் சட்டைகளை நகர்த்தினேன், மாற்றமில்லை.
போர்வையை எடுத்தேன், மாற்றமில்லை.
அவள் சீருடையைத் தூரக் கழிக்கு மாற்றியபோது
தாடை தன் இடத்துக்கு வந்தது.
எழுபத்திரண்டு விழுக்காடு.
ஏனென்று குவெக்குக்கும் தெரிந்திருக்காது.

செய்திக்கு ஒரு ட்யூனர்,
எனக்குக் காற்பந்துக்கு ஒன்று.
பதிவாகும் சிவப்புப் புள்ளி
என் ஆட்டத்தின் ஓரத்தில் இரவெல்லாம் இருந்தது போலிருந்தது.
உண்மையில் அரை மணிதான்.

காலை ஏழரை.
காலுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
கையில் கோப்பி, கண்ணில் பாதித் தூக்கம்.
யாரோ ரிப்பன் வெட்டினார்கள். ஏதோ விலை ஏறியது.
கடைசியில் வானிலை:
"நாளை காலை இடியுடன் கூடிய மழை."

"நாளைக்குத்தானே," என்றேன்.
"இது நேத்துச் செய்தி," என்றாள்.
எழுந்து ஓடினாள்.

கழிகள் ஒவ்வொன்றாய் உள்ளே வந்தன.
ஈரமாகவே வந்தது சீருடை.
திரையின் மூலையில் திறந்து கிடந்த நேரலை
தொண்ணூற்றொன்றுக்கு ஏறித் துலங்கியது.
முதல் துளி சன்னல் கம்பியில் விழுந்தது.

துணிகளை நாற்காலியில் குவித்துவிட்டுக் கேட்டாள்:
"இந்தக் கார்டு எவ்வளவு?"

ஒரு ட்யூனரின் விலையைச் சொன்னேன்.