நெருடல்

முதலில் தக்கை வெட்டிய கொட்டகைதான்.
போத்தல் மூடிகள் விற்ற காசில்
துளையிடும் எந்திரம்,
பிறகு மூன்று சக்கர வண்டி:
மீன்கூடை ஏற்ற;
அந்த ஆகஸ்டுக்குப் பின்
கூரைத்தகடும் சாம்பலும் ஏற்ற.

இதெல்லாம் நிறுவனத்தின் ஆண்டுமலரில் இருக்கிறது.
இல்லாதது
ஒரிஹாரா த்சுருயோவின் மோதிரவிரல்.

பிஸ்டன் கிடையாது, முக்கோணம் ஒன்று
உள்ளே சுழலும் புது எஞ்சின்.
இரவெல்லாம் ஓடி
கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதும்
அவள் விரலை விடுவாள்.
கண்ணுக்குச் சிக்காத அலைக்கீறல்
நுனியில் நெருடும்.
"இருக்கு" என்பாள்.
பொறியாளர்கள் ஏழு பேர்
நூடுல்ஸை ஆறவிட்டு எழுந்து போவார்கள்.

உலோகம் மாற்றினார்கள். எண்ணெய் மாற்றினார்கள்.
குதிரை எலும்பைக்கூடச் செதுக்கிப் பொருத்திப் பார்த்தார்கள்.
நாலு வருஷம்.
அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகி, முறிந்து,
கடைவாய்ப்பல்லும் ஒன்று போயிற்று.

ஒரு பிப்ரவரி விடியலில்
விரல் உள்ளே போய்ச் சுற்றி வந்தது.
மறுபடி சுற்றி வந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.
விரிகுடாவில் ஒரு படகு
இருமிக்கொண்டே போனது,
பழைய எஞ்சின்,
மேலும் கீழும்
மேலும் கீழும்.