பவுண்

பூனைக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.
என் சங்கிலியை அடகு வைத்த காசில்
கல்முனையிலிருந்து பஸ்ஸில்
பழக்கூடைக்குள் வந்தவள்.
"சங்கிலி போனா என்ன, பவுண் வந்திட்டுது"
என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு சீ.ஆர். கொப்பி.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.
தலையீற்று நாலு: ஏறாவூருக்கு இரண்டு, வாழைச்சேனைக்கு ஒன்று,
ஒன்று வங்கி மனேஜரின் மகளுக்கு
பிறந்தநாளென்று, கழுத்தில் ரிப்பனோடு.
இரண்டாம் ஈற்றில் சங்கிலி மீண்டது.
மூன்றாம் ஈற்று
ஆட்டோ லீசிங்கில் இரண்டு தவணை.
அதற்கும் இதற்கும் இடையில்
அவளுக்கு எத்தனை மாதம் விட்டேன் என்று எழுதவில்லை.
வரவுமில்லை, செலவுமில்லை.
எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கச்சான் அடிக்கும் ஆடியில்
ஆரையம்பதிச் சீமெந்துத் தரையில்
வயிறு ஒட்டக் கிடப்பாள்,
குளிர் தேசத்துக்குத் தைத்த சட்டையைக் கழற்ற முடியாமல்.
உள்ளே அமுங்கிய மூக்கால்
காற்றைப் பிட்டுப் பிட்டு விழுங்குவாள்.
அதற்குத்தான்
'பஞ்ச் ஃபேஸ்' என்று போட்டு
ஐயாயிரம் கூட்டி விற்றேன்.

தாண்டவன்வெளியில் செரில் பல்தசார்.
தையல் மெஷினுக்குப் பக்கத்தில்
இரண்டே இரண்டு பெண்பூனை.
வருடத்துக்கு ஓர் ஈற்று, அதுவும் உடம்பு தேறினால்.
கொழும்புக்கு அனுப்பி இரத்தம் பார்த்த தாள்கள்
கண்ணாடி அலுமாரிக்குள்.
குட்டி கேட்டால் கேள்வி கேட்பாள்:
மத்தியானம் வீட்டில ஆர்? யன்னலுக்கு வலை இருக்கா?
வைச்சிருக்க ஏலாட்டி என்னட்டத்தான் கொண்டு வரவேணும்,
வேற ஆருக்கும் குடுக்கப்படாது.

ஓர் ஆண்குட்டி கேட்டேன்.
லட்சத்து இருபதாயிரம் என்றாள்.
தவணையில் தருகிறேன் என்றேன்.
"உங்கட பூனை கடைசியா எப்ப குட்டி போட்டது?"
நான் மாசத்தைக் கூட்டிச் சொன்னேன்.
என் கையிலிருந்த கீறல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"உங்களுக்குத் தரமாட்டன், மிசிஸ் புவிராஜ்."

ஒழுங்கையில் இறங்கியபோது வந்தது
வெட்கமல்ல, கோபம்.
உடம்பு தேறும்வரை காத்திருக்க
அவளுக்கு மெல்பேர்னில் தம்பி இருக்கிறான்.
லீசிங்காரன் காத்திருக்க மாட்டான்.

ஆகவே வீட்டிலிருந்த ஆண்.
இரண்டாம் ஈற்றில் விலைபோகாமல் நின்றவன்.
அவளுடைய மகன்.
"பூனைக்கென்ன முறை தெரியுமா?" என்றார் அவர்.
ஒரே குடிக்குள் சம்பந்தம் பேசாத ஊர்.
வயிற்றுவார் கேட்டுக் கேட்டு
எனக்கு மாப்பிள்ளை பார்த்தவளின் மகள் நான்.
அறைக்கதவைச் சாத்தியதும் நான்தான்.

மூன்று பிறந்தன.
ஒன்றுக்குக் குடித்த பால் மூக்கால் வந்தது.
அண்ணம் பிளந்திருந்தது.
எட்டு நாள், இரண்டு மணிக்கொருதரம்,
சொட்டுக் குழாய்.
ஒன்பதாம் நாள் முருங்கையடியில் புதைத்துவிட்டு
கை கழுவி, மற்ற இரண்டுக்கும்
அட்வான்ஸ் வாங்கினேன்.

செங்கலடிப் பெடியன் போன் எடுத்தான்.
"அன்ரி, இது மூச்சு விடேக்க விசில் அடிக்குது.
எல்லாம் அப்பிடித்தானா?"
எல்லாம் அப்படித்தான் என்றேன்.
பதினெட்டாயிரம்.
அந்தப் பதிலும் வரவுப் பக்கத்தில்தான் இருக்கிறது.

புதன்கிழமை
மிருக வைத்தியர் கந்தோரில்,
மாட்டுக்காரர் வரிசையில்,
பழைய பழக்கூடை மடியில்.
கையெழுத்துப் போட்டேன்.
மகனுக்கு வெள்ளிக்கிழமை.
அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.

வயிற்றில் மழித்த சதுரத்தை நக்குகிறாள்.
முடிக்குக் கீழே இவ்வளவு மெல்லிய தோலென்று
நாலு ஈற்றிலும் நான் பார்க்கவில்லை.

செங்கலடிக்கு எடுக்கிறேன்.
திருப்பித் தாங்கோ, காசைத் தாறன்,
மாசம் மாசமாத் தாறன்
என்று சொல்ல வேண்டும்.
மணி முழுதாக அடித்து நிற்கிறது.
திரும்ப எடுக்கிறேன்.
செரிலின் இலக்கமும் இருக்கிறது.
அதை இன்னும் அழுத்தவில்லை.