ஈரக் கயிறு

கொத்காத் துறைமுகத்தில் பனி கொட்டும் வியாழக்கிழமைகளில்
பேருந்துப் பணிமனையின் மாடி அறையில் கூடி
நாங்கள் நால்வரும் வேறோர் ஊருக்குப் போவோம்.
அந்த ஊரை நடத்துகிறவள் நான், இர்மெலி.
ஏழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவளும் நான்தான்.

தொடக்கத்தில் எல்லாம் பெரிது பெரிதாய்ச் செய்தேன்.
மூன்று அரச வம்சம்,
எண்ணூறு ஆண்டுப் பகை,
மலையைச் சுற்றிப் படுத்த டிராகன்.
வரைபடத்துக்கு மட்டும் ஒரு கோடை விடுமுறை போனது.
சிர்க்கு தலையாட்டுவாள், கண் கைபேசியில்.
வில்ப்பு சிப்ஸ் பொட்டலத்தைக் கிழிப்பான்.
ரௌனோ கிரேன் ஓட்டுபவன்,
நாற்பது மீட்டர் உயரத்தில் நாள் முழுக்கத் தனியே இருப்பவன்.
பகடையை உருட்டுவான். "வெட்டுகிறேன்" என்பான்.
இரண்டு ஆண்டில் அவன் பேசியது அந்த ஒரு சொல்.

பிறகொரு வியாழன்.
இரட்டைப் பணி, முதுகுவலி, எதையும் எழுதி வரவில்லை.
ஆற்றைக் கடக்கவேண்டும் என்றார்கள்.
ஓடம் இருக்கிறது என்றேன்.
"எப்படிப்பட்ட ஓடம்?"
வாயில் வந்ததைச் சொன்னேன்:
ஓடக்காரி காசை வாங்கியதும் மோந்து பார்ப்பாள்.
கயிறு ஈரம்.
இழுத்தால் உள்ளங்கையில் பாசி ஒட்டும்.
ஐந்து பலகைகள்,
நான்கில்தான் ஆளேற்றுவாள்.

சிர்க்கு கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.
ரௌனோ பகடையைத் தொடவில்லை.
உள்ளங்கையைப் பார்த்தான்,
கால்சட்டையில் துடைத்தான்.
"ஐந்தாவதில் யார்?"

எனக்குத் தெரியாது. சத்தியமாய்த் தெரியாது.
கேட்டால் சொல்லமாட்டாள் என்று
தப்பித்துக்கொண்டேன்.

டிராகன் அப்படியே கிடக்கிறது.
ஒன்பது முறை ஆற்றைக் கடந்துவிட்டார்கள்,
அக்கரையில் வேலையே இல்லாமல்.
புதையலில் வந்த பொன்னைக் கொட்டி
அவளுக்குப் புதுக் கயிறு வாங்கினான் வில்ப்பு.
"புதுசு கையை அறுக்கும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.
அந்த வசனம் எங்கிருந்து வந்தது?
என் வாயிலிருந்துதான். ஆனால் எனக்கே செய்தி.

அன்றிலிருந்து நான் திருடி.
ஏழாம் எண்ணில் ஏறும் எவரும் தப்புவதில்லை.
பயணச்சீட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைப்பவர்,
இறங்குமுன் உதட்டுக்குள் எதையோ எண்ணும் பையன்,
இடக்கைக்குச் சிவப்பும் வலக்கைக்குச் சாம்பலுமாய்
உறை மாட்டிய பெண்,
உறைபனியில் இருமுறை பெருமூச்சு விடும் பின்கதவு.
சிவப்பு விளக்கில் நின்று குறித்துக்கொள்வேன்.
பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஹாரன்.

ஆசை விடவில்லை. ஒரே சத்திரத்தில்
பதினோரு விவரம் அடுக்கிய வாரம்
வில்ப்பு கொட்டாவி விட்டான்.
உப்பு கூடினாலும் பண்டம் குப்பைதான்.

வாசனை வேண்டுமென்று
தட்டில் துளி தாரைக் கொளுத்திய வாரம்
தீயெச்சரிக்கை மணி அலற,
மேற்பார்வையாளர் ஔவோ
அணைப்பானைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தார்.
திட்டி முடித்ததும் மூக்கை உறிஞ்சி,
"என்ன ஓடம் இது?" என்றார்.
இப்போது அவரும் வருகிறார்,
நிர்வாகத்துக்குச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.

முதல் பயணத்திலேயே ஔவோ சொன்னார்:
"ஐந்தாவது பலகை காலிதானே, கால் நீட்டிக்கொள்கிறேன்."
நான் வாய் திறக்குமுன்
ரௌனோவின் கை மேசைமேல் விழுந்தது.
பகடைகள் துள்ளின. ஒன்றில் இருபது.
யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.
"அது காலியில்லை" என்றான்.

ஔவோ மன்னிப்புக் கேட்டார், பலகையிடம்.

நேற்று கடைசி வண்டி.
துறைமுக நிறுத்தத்தில் ரௌனோ ஏறினான்,
தொப்பியில் பனி, கன்னத்தில் உயரத்துக் காற்று.
அட்டையை எடுக்கவில்லை.
பையில் துழாவி ஒரு காசை நீட்டினான்,
முகத்தில் சிரிப்பில்லை.

வாங்கினேன்.
மோந்து பார்த்தேன்.
கிரீஸ். கொஞ்சம் கடல்.
ஏறு என்று தலையசைத்தேன்.